எழும் ஒரு நொடி

அலைச்சறுக்குக்காகக் கடலில் இறங்குகிறவர் அங்கே என்னதான் செய்கிறார் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. உலகத் தரப் போட்டியாளர்களைப் பற்றி 2006இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அவர்களுடைய நேரத்தில் ஏறக்குறைய பாதி கையால் நீரை வலிப்பதில் போகிறது. நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் போர்டில் உட்கார்ந்து அலைக்காகக் காத்திருப்பதில் போகிறது. அலைமேல் நின்று போவது சுமார் 4 விழுக்காடு. அதாவது ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை நிமிடம்கூடத் தேறாது. சர்ஃபர்கள் 'பாப்-அப்' என்று சொல்லும் செயல், படுத்திருந்தவர் எழுந்து நிற்பது, அந்த இரண்டரை நிமிடத்திலும் ஒரு சிறு பங்கு. ஓர் அலைக்கு ஒரு நொடி. மணிக்குப் பதினைந்து அலை பிடித்தால் மொத்தமே பதினைந்து நொடி.

புதிதாகக் கற்பவரின் தலைவிதி அந்தப் பதினைந்து நொடிக்குள்தான் இருக்கிறது. அலையைப் பிடித்துவிடுவார். போர்டு சறுக்கத் தொடங்கிவிடும். எழப் பார்ப்பார், விழுவார். கரையில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அவர் நிற்கத் தெரியாமல் விழுந்ததாகத் தோன்றும். உண்மையில் விழுவது என்று முடிவானது அதற்கு அரை நொடி முன்பே, அவர் எழுந்த விதத்தில்.

இந்த அத்தியாயம் அந்த அரை நொடியைப் பற்றியது. அதற்கான களமாகக் கடலூரையும் சிதம்பரத்தையும் எடுத்துக்கொள்வோம். கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் இருக்கிறது. தெற்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட கரை நெடுக மீனவ ஊர்கள். சிதம்பரத்தில் கடல் இல்லை. ஆனால் உடம்பு எப்படி அசைகிறது என்பது பற்றிய ஆழமான ஒரு பாடம் அங்கே கல்லில் இருக்கிறது.

கல்லில் நின்ற அசைவு

நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில், நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மடங்கிய முட்டி, தூக்கிய பாதம், வளைந்த இடை. இவற்றை 108 நிலைகளாக, அதாவது உடம்பு அசையாமல் பிடித்து நிற்கும் தோற்றங்களாகப் பார்க்கும் பழக்கம் இருந்தது. நாட்டியக் கலைஞரும் ஆய்வாளருமான பத்மா சுப்ரமண்யம் அதை மறுத்தார். ஒவ்வொரு கரணமும் தொடங்கி, நடந்து, முடிகிற ஓர் அசைவு. சிற்பி பிடித்துவைத்தது அதில் ஒரு கணத்தை மட்டுமே என்றார். சொன்னதோடு நிற்காமல் அந்த அசைவுகளை மீட்டெடுத்து ஆடியும் காட்டினார்.

அலைச்சறுக்குப் படங்களும் இதே மயக்கத்தைத் தருகின்றன. அலையின் சரிவில் முட்டி மடக்கி, கை விரித்து நிற்கும் ஒருவரின் படத்தைப் பார்த்துவிட்டு, 'நானும் இப்படி நிற்க வேண்டும்' என்று மனதில் எழுதிக்கொண்டு கடலுக்குப் போகிறோம். அந்தப் படம் ஓர் அசைவின் கடைசிக் கணம். அதற்கு முன்னால் கை எங்கே ஊன்றியது, இடுப்பு எப்போது எழுந்தது, எடை எந்த வழியாகக் கையிலிருந்து காலுக்கு வந்தது என்பதெல்லாம் படத்தில் விழுவதில்லை. பாப்-அப்பைத் திருத்துவது என்றால் படத்தில் விழாத அந்தப் பகுதியைத் திருத்துவதுதான்.

அலைக்கும் கைக்கும் நடுவே ஒரு பள்ளம்

முதலில் அலையின் கணக்கு. ஆழ்கடலில் 8 நொடிக்கு ஒரு முறை வரும் அலை நொடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் வேகத்தில், மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டரில் ஓடுகிறது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே 100 மீட்டர். கரையை நெருங்கி ஆழம் 50 மீட்டருக்குக் குறையும்போதே அலைக்குத் தரை தட்டுப்படத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் வேகம் குறையும், முகடுகள் நெருங்கும், உயரம் கூடும். உயரம், நீரின் ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டும் இடத்தில் அலை உடைகிறது. ஒரு மீட்டர் அலை ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்கு அருகில் உடையும்.

அந்த இடத்தில் அலையின் வேகத்தை ஆழமே முடிவு செய்கிறது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு 3.8 மீட்டர், மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர். கற்றுக்குட்டி ஒருவர் கையால் வலித்துப் போகும் வேகம் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை மீட்டர். நன்றாகத் தேறியவர்கள்கூட முழு மூச்சில் 2 மீட்டரை ஒட்டித்தான் போகிறார்கள். அலைக்கும் கைக்கும் நடுவே இரண்டு மீட்டருக்கும் மேலான இந்தப் பள்ளத்தை நிரப்புவது புவியீர்ப்பு. போர்டின் பின்பக்கத்தை அலை தூக்குகிறது, போர்டு சரிவில் இறங்குகிறது. சரிவு 20 பாகை என்றால், நீரின் தடையைக் கழிக்காமல் பார்த்தால், ஒன்றரை மீட்டர் வேகம் நான்கு மீட்டர் ஆக முக்கால் நொடி போதும்.

அந்த முக்கால் நொடியில் போர்டின் தன்மையே மாறிவிடுகிறது. மெதுவாகப் போகும்போது அதைத் தாங்குவது மிதப்பு விசை மட்டும். யாராவது ஓரமாகச் சாய்ந்தால் அந்த ஓரம் அமிழும். வேகம் கூடும்போது நீர் போர்டின் அடிப்பரப்பை மேலே தள்ளத் தொடங்குகிறது. இந்தத் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. போர்டு நீரைக் கிழித்துப் போவதை விட்டு நீர்மேல் வழுக்கிப் போகிறது, காலுக்கடியில் கெட்டியாகிறது. எழ வேண்டிய நேரம் அதுதான்.

அதற்கு முன் எழுந்தால் போர்டு பின்னால் அமிழ்ந்து நின்றுவிடும், அலை கடந்து போய்விடும். ரொம்பத் தாமதித்தால் சரிவு செங்குத்தாகி, போர்டின் மூக்கு நீருக்குள் குத்தும். புதியவர்களில் பெரும்பாலோர் முதல் வகை. அலை தூக்கியதும் பதற்றத்தில் எழுந்துவிடுவார்கள். அதனால்தான் நம் கரையோரப் பயிற்சியாளர்கள், "எழுந்திரிக்காத தம்பி, இன்னும் ரெண்டு கை போடு" என்று கத்துகிறார்கள். அந்த இரண்டு கைவீச்சுக்கு ஆகும் நேரம் மேலே சொன்ன முக்கால் நொடிக்குக் கிட்டத்தட்டச் சமம்.

போர்டுக்குத் தெரியும் எடை

'கையில் பலம் போதவில்லை' என்பது பாப்-அப் வராதவர்கள் சொல்லும் முதல் காரணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் குப்புறப் படுத்திருக்கும்போது அவருடைய எடைமையம் போர்டிலிருந்து ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். முட்டி மடக்கித் தாழ நின்றால் 60 சென்டிமீட்டர். ஆக, 45 சென்டிமீட்டர் ஏற்ற வேண்டும். வீட்டு மாடிப்படியில் மூன்று படி ஏறுகிற வேலைகூட இது இல்லை. தண்டால் எடுக்கத் திணறுகிறவர்கள் பலர் அழகாகப் பாப்-அப் செய்வதும், உடற்பயிற்சிக் கூடமே கதியென்று கிடப்பவர்கள் தடுமாறுவதும் இதனால்தான்.

வேலை குறைவுதான். ஆனால் அதை எப்படிச் செய்கிறோம் என்பதைப் போர்டு உணர்கிறது. உடம்பை மேலே தள்ள வேண்டுமானால் போர்டைக் கீழே தள்ளியாக வேண்டும். அரை நொடியில் அந்த 45 சென்டிமீட்டரை ஏறினால், முதல் கால் நொடியில் போர்டின் மேல் 60 கிலோவுக்குப் பதில் சுமார் 104 கிலோ அழுத்தும். அடுத்த கால் நொடியில் 16 கிலோதான் இருக்கும். கற்பவர்களுக்குத் தரும் எட்டடி மென்போர்டின் கொள்ளளவு ஏறக்குறைய 80 லிட்டர். தன் எடை போக அது தாங்கக்கூடியது 75 கிலோவை ஒட்டி. 104 கிலோ விழுந்தால் அமிழும், 16 ஆனதும் துள்ளும். துள்ளுகிற பலகையில் கால் வைப்பது கடினம்.

அதே உயரத்தை 0.8 நொடியில் சீராக ஏறினால் உச்ச அழுத்தம் 77 கிலோ, குறைந்தது 43. போர்டு பெரிதாகக் கலங்காது. இன்னொரு பக்கம், அரை நொடிக்குள் நேராக நிமிர்ந்தே நிற்கப் பார்த்தால் அழுத்தம் 140 கிலோவைத் தாண்டும். அதன் மறுபாதியில் காலுக்கும் போர்டுக்கும் தொடர்பே அறுந்துவிடும். அது எழுவதில் சேராது, குதிப்பு.

'சீக்கிரம் எழு' என்ற அறிவுரை எங்கும் உண்டு. அது தவறில்லை, ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. விரைவு வர வேண்டியது கால் உள்ளே வரும் பாதையில். உடம்பு மேலே போகும் உயரத்தில் வரக் கூடாது. குறைவாக எழுகிறவரால் போர்டைக் கலக்காமலே விரைவாக எழ முடியும்.

கை, இடுப்பு, கால்

இனி வரிசை. கை ஊன்றும் இடத்தில்தான் பலருக்கு முதல் கோளாறு. தோளுக்கு நேராகவோ அதற்கு முன்னாலோ கை ஊன்றி அழுத்தினால், மேலே சொன்ன 77 கிலோவோ 104 கிலோவோ போர்டின் முன்பகுதியில் இறங்கும். அலை ஏற்கெனவே பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மூக்கு நீருக்குள் போகும். உள்ளங்கை கீழ் விலா எலும்புகளுக்குப் பக்கத்தில், போர்டின் மேற்பரப்பில் தட்டையாக இருக்க வேண்டும். போர்டின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு எழுகிறவர்கள் உண்டு. ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் ஓரத்தில் விழும் அந்த வித்தியாசம் போர்டைப் புரட்டிவிடும்.

அடுத்தது மார்பு. கை ஊன்றியதும் மார்பு மட்டும் மேலே வர வேண்டும், இடுப்பு இன்னும் போர்டில். முதுகு வளைந்து பார்வை முன்னே போகிறது. இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குப் பார்வை போர்டின் மூக்கிலேயே நிற்கும். மனிதத் தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. அது கவிழ்ந்தால் எடைமையம் முன்னே நகர்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலைப் புலனுக்கும் தலை சாய்வது ஒரு செய்தியாகப் போகிறது. "கீழ பாக்காத, கரையைப் பாரு" என்பதற்குப் பின்னால் இவ்வளவு இயற்பியலும் உடலியலும் இருக்கின்றன.

மூன்றாவதாக இடுப்பு. சொல்லப்போனால் பாப்-அப்பின் நடுநாயகம் இதுதான். முன்கால் மார்புக்கடியில் வருவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் திறப்பது உயரும் இடுப்பு. இடுப்பு ஏறாமல் காலை மட்டும் இழுத்தால், விரல்கள் போர்டில் உரசும், முட்டி தட்டும், பாதம் பாதி வழியில் நின்றுவிடும். பிறகு அவர் ஒரு முட்டியை ஊன்றி, அதன்பின் எழுவார். இதற்கு ஆகும் கூடுதல் நேரத்தில், நொடிக்கு நான்கு மீட்டர் ஓடும் போர்டு அலையின் சரிவைத் தாண்டியே போயிருக்கும்.

கடைசியில் பாதம். முன்பாதம் இரண்டு கைகளுக்கும் நடுவே, போர்டின் நடுக்கோட்டின் குறுக்கே. பின்பாதம் வால் பக்கத்துத் துடுப்புகளுக்கு மேலே அல்லது சற்று முன்னால். எந்தக் கால் முன்கால் என்பது அவரவர் உடம்பின் வழக்கம். இடக்கால் முன்னே வைப்பவர் 'ரெகுலர்', வலக்கால் என்றால் 'கூஃபி'. யாராவது பின்னாலிருந்து லேசாகத் தள்ளும்போது எந்தக் கால் தானாக முன்னே வருகிறதோ அதையே முன்காலாக வைத்துத் தொடங்கலாம். கை போர்டை விட்டு எழ வேண்டியது கால் ஊன்றிய பிறகு. எடை கையிலிருந்து காலுக்கு ஊற்றப்பட வேண்டும். நடுவில் இரண்டும் ஊன்றாத கணம் ஒன்று இருந்தால் அங்கேதான் விழுவார்.

அரைமண்டி சொல்வது

எழுந்தாயிற்று. இனி எந்த உயரத்தில் நிற்பது? பாதத்தின் நீளம் 26 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டாக நிற்பவருக்குப் போர்டின் குறுக்கே கிடைக்கும் ஆதாரம் அவ்வளவுதான். எடைமையம் ஒரு மீட்டர் உயரத்தில், அதாவது நிமிர்ந்து நின்றால், 7 பாகைச் சாய்விலேயே அது பாதத்தை விட்டு வெளியே போய்விடும். 60 சென்டிமீட்டருக்கு இறங்கினால் 12 பாகை வரை தாங்கும். கடலில் இந்த ஐந்து பாகை வித்தியாசம் பெரிய சொத்து.

தாழ நிற்க வேண்டும் என்றதும் புதியவர்கள் இடுப்பை மடக்கிக் குனிகிறார்கள். பின்புறம் பின்னே போகிறது, தலை முன்னே போகிறது, முட்டி விறைப்பாகவே நிற்கிறது. உயரம் குறைந்த மாதிரி இருக்கும், எடை பாதத்தின் மேல் இருக்காது. பரதம் கற்ற பிள்ளைகளிடம் இந்தப் பிழை குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. முதல் நாளிலிருந்தே அவர்களுக்குச் சொல்லித்தருவது அரைமண்டி: முதுகு நேராக, முட்டியை மடக்கி உடம்பு மொத்தத்தையும் கீழே இறக்குவது. அரைமண்டியில் முட்டி பக்கவாட்டில் விரியும், குதிகால்கள் சேர்ந்திருக்கும். அலைச்சறுக்கில் பாதங்கள் தோளகலத்துக்கு விலகி, முட்டிகள் சற்று உள்நோக்கி இருக்கும். வடிவம் வேறு. குனியாமல் தாழ்வது என்ற விதி ஒன்றே. மடங்கிய முட்டிக்கு இன்னொரு பயனும் உண்டு. போர்டுக்குக் கீழே நீர் மேடுபள்ளமாக ஓடும்போது முட்டி நீண்டு சுருங்கி அதை வாங்கிக்கொள்ளும், தலை அதே மட்டத்தில் போகும்.

மணல் வைத்திருக்கும் சாட்சி

கடல் மணிக்குப் பதினைந்து நொடிதான் தருகிறது என்பதால் பயிற்சியின் பெரும்பகுதி கரையில்தான் நடந்தாக வேண்டும். உலர்ந்த மணல் கால் புதைவதால் உதவாது. அலை ஏறி இறங்கும் ஈரப்பட்டை உத்தமம். நம் கிழக்குக் கரையில் ஓதத்தின் ஏற்றஇறக்கம் குறைவு, அதனால் இந்தப் பட்டையும் அகலமில்லை. எட்டடி நீளம் இருந்தால் போதும். விரலால் போர்டின் வடிவத்தை வரைந்து நடுக்கோடும் போட்டுக்கொள்ளுங்கள். படுத்து, கை வலிப்பது போல மூன்று முறை வீசி, எழுந்து நின்று, ஒரு மூச்சு நிதானித்து, கோட்டுக்கு வெளியே காலெடுத்து வாருங்கள். பிறகு குனிந்து தடத்தைப் படியுங்கள்.

நல்ல பாப்-அப் நான்கே தடம் விடும்: இரண்டு உள்ளங்கை, இரண்டு பாதம். ஐந்தாவதாக வட்டமான ஒரு குழி இருந்தால் முட்டி ஊன்றியிருக்கிறது. முன்பாதத்துக்குப் பின்னால் கீறல் போல ஒரு கோடு நீண்டிருந்தால் விரல் இழுபட்டிருக்கிறது, இடுப்பு போதுமான அளவு ஏறவில்லை. முன்பாதம் கைத்தடங்களின் வரிசையை எட்டாமல் பின்தங்கியிருந்தால், எடை வால் பக்கம் தங்கிவிட்டது. கடலில் இதே ஆள் அலையைக் கோட்டை விடுவார். கைத்தடத்தில் விரல்நுனிப் பள்ளம் மணிக்கட்டுப் பள்ளத்தைவிட ஆழமாக இருந்தால் உடம்பை முன்னே தள்ளியிருக்கிறார், மூக்குக் குத்தும். பாதத் தடத்தில் விரல் பக்கம் மட்டும் ஆழ்ந்திருந்தால் அந்தப் பக்கமே கவிழப்போகிறார். ஒரு கைத்தடம் மற்றதைவிட ஆழமா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பக்கமாகவே விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும். அடுத்த அலை ஏறி வந்து அழிப்பதற்குள் இவ்வளவையும் படித்துவிடலாம். அழிந்தபின் புதுப் பக்கம்.

நேரத்தை அளக்கக் கைப்பேசி போதும். ஸ்லோ மோஷனில் 240 சட்டகம் ஓடினால் அது ஒரு நொடி. கை அழுத்தத் தொடங்கும் சட்டகத்திலிருந்து இரண்டு பாதமும் நிலைபெறும் சட்டகம் வரை எண்ணுங்கள். இதில் மொத்தத்தைக் குறைப்பதைவிட முக்கியம், முன்கால் வந்ததற்கும் பின்கால் நிலைத்ததற்கும் நடுவே தேவையில்லாத நிறுத்தம் இருக்கிறதா என்பது.

மணலில் ஒரு குறை உண்டு. அது நகராது, சாயாது, எல்லாப் பிழையையும் பொறுத்துக்கொள்ளும். மணலில் வரிசையைக் கற்கலாம். நேரம் பார்ப்பதைக் கடல்தான் கற்றுத்தர வேண்டும்.

கவனம் எங்கே இருப்பது

எப்படிப் பயிற்சி செய்வது என்பதிலும் அறிவியல் சொல்ல ஒன்றிரண்டு உண்டு. அசைவுக் கல்வி ஆய்வாளர் கப்ரியேலே வுல்ஃப் பாய்மரப் பலகையில் திரும்பப் பழகிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். தன் கால்களின் அழுத்தத்தை நினைத்தபோது தடுமாறியது, பலகையின் சாய்வை நினைத்ததும் எளிதாக வந்தது. அதைச் சோதனைச் சாலைக்கு எடுத்துப்போனார். பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஏற்றிய சிலரிடம் பாதத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். வேறு சிலரிடம் பாதத்துக்கடியில் இருக்கும் சக்கரங்களைக் கவனிக்கச் சொன்னார்கள். சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். 1998இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு பல விளையாட்டுகளில் இதே முடிவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. உடம்பு தன் வேலையைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் திறமை உள்ளது. ஒவ்வொரு தசையாக மேற்பார்வை செய்யப்போனால் அந்த ஒழுங்கு குலைகிறது.

பாப்-அப்பில் இதற்குப் பொருள்: மணலில் இருக்கும்போது கையையும் காலையும் நினைக்கலாம். நீரில் இறங்கியபின் போர்டையும் கரையையும் நினைக்க வேண்டும். 'இடுப்பைத் தூக்கு' என்று சொல்லிக்கொள்வதைவிட 'போர்டு மட்டமாக ஓடட்டும்' என்று சொல்லிக்கொள்வது உதவும்.

இன்னொன்று, ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்வதைப் பற்றியது. ஷே, மோர்கன் என்ற இருவர் 1979இல் காட்டியது இது: ஒரே செயலைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது சிறப்பாகத் தெரிந்தார்கள், பல செயல்களைக் கலந்து பழகியவர்கள் நாள் கடந்து சோதித்தபோது முந்தினார்கள். எனவே ஐம்பது பாப்-அப்பை ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் எடுப்பதைவிட, கொஞ்சம் மணல் சரிவில் கீழ்நோக்கி, கொஞ்சம் குறுக்காக, கொஞ்சம் யாராவது எதிர்பாராமல் 'இப்போ' என்று சொல்லும்போது என்று மாற்றி மாற்றி எடுப்பது மேல். இரண்டு அலை ஒரே மாதிரி வருவதில்லை. பயிற்சியும் அப்படி இருக்கட்டும்.

நீருக்குள்

முதல் பள்ளிக்கூடம் உடைந்த அலையின் நுரை. இடுப்பளவு நீரில், ஒரு மீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வரும். பயிற்சியாளர் போர்டின் வாலைத் தள்ளிவிட்டால் வலிக்கும் கவலைகூட இல்லை. நுரையில் சரிவு குறைவு, மூக்கு குத்தும் அபாயமும் குறைவு. மணலில் கற்ற வரிசை அசையும் பலகையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்க இது போதும். உடையாத அலைக்குப் போக வேண்டியது அதன்பிறகு.

எங்கே, எப்போது என்பதும் பாப்-அப்பின் பகுதிதான். கரை செங்குத்தாக இறங்கும் இடத்தில் அலை ஒரேயடியாகச் சுருண்டு விழும், எழ நேரமே தராது. மெல்லச் சரியும் மணல்திட்டில் முகட்டிலிருந்து நுரை வழிந்து வழிந்து உடையும், அங்கே ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கும். பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு என்று ஆறுகள் மணல் கொண்டுவந்து சேர்க்கும் கரை இது. கடலோர நீரோட்டம் அந்த மணலைத் தென்மேற்குப் பருவத்தில் வடக்கேயும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கேயும் நகர்த்துகிறது. போன மாதம் திட்டு இருந்த இடத்தில் இந்த மாதம் பள்ளம் இருக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியலில் மேற்கிலிருந்து வீசும் காற்று அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். பார்க்க அழகு, ஆனால் சரிவு கூடுவதால் எழும் நேரம் சுருங்கும். முற்பகலில் கடல்காற்று எழுந்ததும் நீர் கலங்கிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் சிற்றலை; கற்பவர்களுக்கு ஏற்றது. வாடைக் காலத்துக் கடல் அவர்களுக்கானதல்ல.

இதையெல்லாம் புத்தகம் இல்லாமல் தெரிந்துவைத்திருப்பவர்கள் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். ஃபைபர் படகுகள் வருவதற்கு முன் கட்டுமரத்தில் உடையும் அலையைத் தாண்டிப் போய் அதே அலையில் ஏறித் திரும்பி வந்த தலைமுறை அது. மரத்தின் முன்முனை குத்தாதபடி எடையைப் பின்னுக்குக் கொடுப்பது, எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏறுவது என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடம். கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று தொடங்கிய பயிற்சியிலிருந்தும் மாமல்லபுரத்து மீனவக் குடும்பங்களிலிருந்தும் நாட்டின் முன்னணி அலைச்சறுக்கு வீரர்கள் பலர் வந்ததை அந்தப் பின்னணியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் ரமேஷ் புடிஹால் ஆடவர் பிரிவில் வெண்கலம் வென்றார். தனிநபர் பிரிவில் ஆசிய அளவில் இந்தியாவுக்கு அது முதல் பதக்கம்.

கடலூர்ப் பக்கம் பழக விரும்புகிறவர் போர்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது, அந்தக் கரையின் மீனவர்களிடம் போய்க் கேட்பது. "அண்ணே, தண்ணி எங்க இழுக்குது?" என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் உயிரைக் காக்கும். ஆற்று முகத்துவாரங்களுக்கு அருகிலும், திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களிலும் நீர் கடலுக்குள் இழுக்கும். நீச்சல் தெரியாமல், காலையும் போர்டையும் இணைக்கும் லீஷ் கயிற்றைக் கட்டாமல், தனியாக இறங்குவது கூடவே கூடாது. விழும்போது தலைகுப்புற விழாமல் தட்டையாக விழுவதும், மேலே வரும்போது போர்டு வந்து மோதாதபடி கையால் தலையை மறைத்துக்கொள்வதும் பாப்-அப்புக்கு முன்பே கற்க வேண்டியவை.

தேறியதற்கு அடையாளம்

உளவியலாளர்கள் ஃபிட்ஸ், போஸ்னர் 1967இல் சொன்னபடி, எந்தத் திறமையும் மூன்று கட்டமாக வருகிறது. முதலில் ஒவ்வொரு படியையும் நினைத்து நினைத்துச் செய்கிறோம். அடுத்து பிழைகள் குறைந்து படிகள் ஒட்டிக்கொள்கின்றன. கடைசியில் நினைக்காமலே நடக்கிறது. பாப்-அப் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஓர் அலையில் போய்விட்டு வந்தவரிடம் என்ன நடந்தது என்று கேளுங்கள். 'கை ஊன்றினேன், கால் சரியாக வந்தது' என்றால் அவர் இன்னும் முதல் கட்டத்தில் இருக்கிறார். 'எழும்போது கொஞ்சம் தடுமாறினேன், சமாளித்துவிட்டேன்' என்றால் இரண்டாவது. எழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், அலை எந்தப் பக்கம் உடைந்தது, எங்கே தாழ்ந்தது, எங்கே மறுபடி நிமிர்ந்தது என்று சொல்லத் தொடங்கினால் மூன்றாவது கட்டம் வந்துவிட்டது. மனம் தன் காலிலிருந்து விடுபட்டு அலைக்குப் போய்விட்டது.

அலையைப் பார்க்கத் தொடங்கியவருக்கு அடுத்த தேவை அதன் உடையாத பக்கம் நோக்கிப் போர்டைத் திருப்புவது. நேராகக் கரைக்குப் போவதில் ஐந்து நொடி கிடைக்கும் அலையில், குறுக்காகப் போனால் அதைப்போல் இரண்டு மடங்கு கிடைக்கும். அதற்கு எடையை ஓரத்துக்கு மாற்றத் தெரிய வேண்டும். அடுத்த அத்தியாயம் அதைப் பற்றியது.